போர்ட்டோ அணி பூ வைத்தது எந்தப் பெப்பேக்கு?

கேள்வி இதுதான்: “போர்ட்டோ அணியினர் லிஸ்பனில் ஒரு ஸ்டேடியத்துக்கு வெளியே பெப்பேயின் நினைவுச்சின்னத்தில் மலர்வளையம் வைக்கும் பழைய படம் ஒன்றைப் பார்த்தேன். பெப்பே உயிரோடுதானே இருக்கிறார்? அதுவும் எதிரணி மைதானத்தில் எதற்குப் பூ வைக்கிறார்கள்?”

குழப்பம் வரத்தான் செய்யும். நமக்குத் தெரிந்த பெப்பே ரியல் மாட்ரிட் கால்பந்து அணியில் ஆடிய தடுப்பாட்டக்காரர். பிரேசிலில் பிறந்து போர்த்துகலுக்கு ஆடியவர். 2024 யூரோ போட்டியில் 41 வயதில் இறங்கி, அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே வயதில் மூத்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றார். அவருடைய நிஜப் பெயர் கெப்ளர் லாவெரான். ஒன்று வானியலாளரின் பெயர், மற்றது மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த மருத்துவரின் பெயர். இவ்வளவு பெரிய பெயர்களை வைத்துக்கொண்டு அவரும் கடைசியில் பெப்பே என்றே அழைக்கப்பட்டார்.

மலர்வளையம் அவருக்கு அல்ல. ஜோசே மனுவல் சோரெஸ் என்ற இன்னொரு பெப்பேக்கு. 1908 ஜனவரி 30 அன்று லிஸ்பனின் பெலேம் பகுதியில் பிறந்தவர். 1931 அக்டோபர் 24 அன்று, 23 வயதில் இறந்துபோனார். போர்த்துகலின் பிற்கால நட்சத்திரம் யூசேபியோ பிறப்பதற்கு 10 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்ட வாழ்க்கை. போர்த்துகல் கால்பந்தில் சாதாரண ஜனங்கள் தங்கள் வீட்டுப் பையனாக நினைத்துக் கொண்டாடிய முதல் ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் நான் இவரைத்தான் சொல்வேன்.

ஆனால் எண்களை மட்டும் தேடிப் போனால் ஏமாற்றமாக இருக்கும். நாட்டுக்காக 14 ஆட்டம், 7 கோல். தேசிய லீக்கில் ஒரு கோல்கூடக் கிடையாது. ஏனென்றால் அப்போது தேசிய லீக்கே கிடையாது. ‘இதற்கா நினைவுச்சின்னம்?’ என்று தோன்றும். அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

பெலேமிலிருந்து தொடங்குவோம். டேகஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதி அது. 1497-ல் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் அந்தக் கரையிலிருந்துதான் கிளம்பிக் கோழிக்கோடு பக்கம் வந்து சேர்ந்தன. நாம் வீட்டில் தினமும் சொல்லும் ஜன்னல், அலமாரி, சாவி, மேசை எல்லாம் அப்படி வந்து இறங்கியவர்கள் விட்டுப்போன சொற்கள். இன்றைக்குப் பெலேம் என்றால் சுற்றுலாக்காரர்கள் மடாலயத்தையும் கோபுரத்தையும் பார்த்துவிட்டு, முட்டைக்கரு வைத்த இனிப்புப் பணியாரத்துக்கு வரிசையில் நிற்கும் இடம். 1900-களின் தொடக்கத்தில் அது ஆற்றங்கரையை ஒட்டித் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த பேட்டை.

அந்தப் பேட்டைக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. இன்று உலகப் புகழ் பெற்ற பென்ஃபிகா கிளப், உண்மையில் பெலேமில் பிறந்தது. 1904 பிப்ரவரி 28 அன்று அங்கிருந்த ஒரு மருந்துக்கடையில் 24 பேர் கூடி ‘ஸ்போர்ட் லிஸ்போவா’ என்று தொடங்கினார்கள். சொந்த மைதானம் கிடையாது, நல்ல வசதி எதுவும் கிடையாது. 1907-ல் எட்டு ஆட்டக்காரர்கள் வசதி படைத்த ஸ்போர்ட்டிங் கிளப்புக்குப் போய்விட்டார்கள். கிளப்பே மூடிவிடும் என்ற நிலை. 1908-ல் பென்ஃபிகா பகுதியில் இருந்த வேறொரு கிளப்போடு சேர்ந்து பிழைத்துக்கொண்டது. பிழைத்தது சரி, ஆனால் பெலேம் பையன்கள் ஆரம்பித்த கிளப் வேறொரு பேட்டையின் பெயரைப் போட்டுக்கொண்டு அங்கேயே போய்விட்டது.

இங்கே இன்னொரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அர்துர் ஜோசே பெரெய்ரா, 1889-ல் பிறந்தவர், அவரும் பெலேம்காரர். அந்தத் தலைமுறையின் தலைசிறந்த ஆட்டக்காரராக எண்ணப்பட்டவர். பென்ஃபிகாவில் ஆடிவிட்டு 1914-ல் ஸ்போர்ட்டிங்குக்குப் போனார். அப்போதே அது பெரிய பேச்சு. அங்கே ஐந்து ஆண்டுகள். அப்புறம்தான் ‘நம்ம பேட்டைக்கு நாமே ஒரு கிளப் வைத்தால் என்ன’ என்ற எண்ணம் வலுத்திருக்கிறது. 1919 செப்டம்பர் 23 அன்று பெலெனென்செஸ் கிளப் உருவானது. பெயருக்கு அர்த்தமே ‘பெலேம்காரர்கள்’ என்பதுதான். சதுக்கப் பூங்கா ஒன்றின் பெஞ்சில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள் என்பது கிளப்பின் பிறப்புக் கதை. அந்தச் சதுக்கம் யார் பெயரில் இருக்கிறது தெரியுமா? கோவாவைப் பிடித்த அஃபோன்சோ டி அல்புகெர்க் பெயரில். சட்டை நீலம். சின்னம், பழைய போர்த்துகல் கப்பல்களின் பாய்களில் வரைந்திருந்த அதே சிவப்புச் சிலுவை.

கிளப் தொடங்கியபோது பெப்பேக்கு 11 வயது. அதாவது மைதானத்துக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போடும் வயது. பக்கத்துத் தெரு அண்ணன்மார் நீலச் சட்டை போட்டு ஆடுவதைப் பார்த்து வளர்ந்த முதல் தலைமுறை அவனுடையது. பென்ஃபிகாவையோ ஸ்போர்ட்டிங்கையோ தேடிப் போக வேண்டிய அவசியம் அந்தப் பையனுக்கு இருக்கவில்லை. பெலேமின் திறமை பெலேமிலேயே தங்கியதற்குப் பெப்பேதான் முதல் பெரிய சாட்சி. அதனால்தான் பேட்டை அவரை அப்படிக் கொண்டாடியது என்பது என் கணிப்பு.

முதல் அணிக்குள் அவர் நுழைந்த கதையைக் கேளுங்கள். 1926, லிஸ்பன் சாம்பியன்ஷிப். எதிரணி, வேறு யார், பென்ஃபிகாதான். பயிற்சியாளர் இடத்தில் அர்துர் ஜோசே பெரெய்ரா. 18 வயதுப் பையனை இறக்கிவிடுகிறார். ஆட்டம் முடியக் கிட்டத்தட்ட கால் மணி நேரம் இருக்கையில் பெலெனென்செஸ் 1-4 என்று பின்தங்கிக் கிடக்கிறது. வேறு அணியாக இருந்தால் மனத்துக்குள் மூட்டை கட்டியிருக்கும். இவர்கள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு 4-4 ஆக்குகிறார்கள். கடைசியில் ஒரு பெனால்டி. அனுபவஸ்தர்கள் சுற்றி நிற்க, பந்தைப் பையனிடம் கொடுக்கிறார்கள். பெப்பே அடித்தார், 5-4.

பெலெனென்செஸ் கடைசிக் கால் மணி நேரத்தில் ஆட்டத்தைப் புரட்டிப்போடுவது அந்தக் காலத்தில் ஒரு பேச்சு வழக்காகவே ஆகிப்போனது. ‘பெலெனென்செஸின் கால் மணி’ என்பார்கள். நம் கிரிக்கெட் ரசிகர்கள் ‘கடைசி ஓவர் வரைக்கும் டிவியை அணைக்காதே’ என்று சொல்வதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 1925-26 பருவத்தில்தான் பெலெனென்செஸ் முதன்முறையாக லிஸ்பன் சாம்பியன் ஆனது. கிளப்புக்கு வயது ஏழுகூட நிறையவில்லை.

அந்தக் காலத்துப் போட்டி முறையைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. ஒவ்வொரு மாவட்டச் சங்கமும் தனித்தனியாகச் சாம்பியன்ஷிப் நடத்தும். லிஸ்பனில் ஒன்று, போர்ட்டோவில் ஒன்று, இப்படி. நாடு முழுவதற்குமானது 1922-ல் தொடங்கிய ‘போர்த்துகல் சாம்பியன்ஷிப்’. தோற்றால் வெளியே என்ற நாக்-அவுட் முறை. இன்றைய லீக் சாயலில் வீட்டு மைதானம், வெளி மைதானம் என்று சுற்றிச் சுற்றி ஆடும் தேசியப் போட்டி 1934-35-ல்தான் வந்தது. பெப்பே இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து.

இதன் விளைவு என்னவென்றால், பெப்பே ஜெயித்த கோப்பைகளை எந்தக் கணக்கில் வைப்பது என்று இன்று வரைக்கும் தகராறு. பெலெனென்செஸ் 1927-ல் செத்தூபல் விக்டோரியாவை 3-0 என்றும், 1929-ல் யூனியாவ் டி லிஸ்போவாவை 2-1 என்றும் இறுதி ஆட்டத்தில் வென்று போர்த்துகல் சாம்பியன் ஆனது. அந்தக் காலத்துச் சனங்களுக்கு அதுதான் நாட்டின் சாம்பியன் பட்டம், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பின்னாளில் லீக் வந்ததும் அந்தப் பழைய போட்டி இன்றைய கோப்பைப் போட்டியின் முன்னோடி என்று ஒதுக்கி வைக்கப்பட்டது. ஸ்போர்ட்டிங் தன்னுடைய நான்கு பழைய பட்டங்களையும் லீக் பட்டங்களோடு சேர்த்து எண்ண வேண்டும் என்று சமீப ஆண்டுகள் வரை மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. பெரிய கிளப்புகளின் இந்தக் கணக்குச் சண்டையில் பெப்பே போன்றவர்கள் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். வலைத்தளங்களில் ‘போர்த்துகல் லீக்கில் அதிக கோல்’ என்று தேடினால் ஒரு பெயரும் 1934-க்கு முன்னால் இருக்காது.

தரையையும் சொல்ல வேண்டும். பெலெனென்செஸ் 1928-ல் சலேசியஸ் என்ற இடத்தில் சொந்த மைதானத்தைத் திறந்தது. மண் தரை. அங்கே புல் வளர்த்தது 1937-ல், அதுவே போர்த்துகலின் முதல் புல்தரை மைதானம் என்று சொல்வார்கள். பெப்பே உள்ளூரில் ஆடியதெல்லாம் கட்டாந்தரையில்தான். விழுந்தால் முழங்கால் தோல் உரிந்துவிடும். மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி. பந்து தோல் பந்து, தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும். இந்தத் தரையில் குள்ளமும் வேகமுமான பையன்கள் பந்தைக் காலோடு ஒட்டவைத்து ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்றால், அது தனித் திறமைதான்.

அவர் ஆடிய இடம் பழைய ஐந்து முன்கள வீரர் அமைப்பில் ‘இன்சைட் ரைட்’. வலது ஓர ஆட்டக்காரனுக்கும் நடு முன்கள வீரனுக்கும் இடையில் நின்று, பந்தைப் பின்னாலிருந்து வாங்கி முன்னால் கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டும், தானே அடிக்கவும் வேண்டும். கோல் அடிப்பது இந்த இடத்தின் முதல் வேலை அல்ல. அப்படியிருந்தும் லிஸ்பன் சாம்பியன்ஷிப்பில் பொம் சுசெஸ்ஸோ என்ற உள்ளூர் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 10 கோல் போட்டார், ஆட்டம் 12-1. எதிரணி பலவீனமானது, சரி. ஆனால் பலவீனமான அணிகளோடு எல்லாரும்தான் ஆடினார்கள். 10 யார் அடித்தார்கள்?

தேசிய அணிக்குப் போனது 19 வயதில். 1927 மார்ச் 16, லிஸ்பனில் பிரான்ஸுக்கு எதிராக. போர்த்துகல் 4-0 என்று ஜெயித்தது, அதில் பெப்பேக்கு இரண்டு. இந்த 4-0 எவ்வளவு பெரிய செய்தி என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போர்த்துகல் தன் முதல் சர்வதேச ஆட்டத்தை 1921 டிசம்பரில்தான் ஆடியது. மாட்ரிட்டில் ஸ்பெயினிடம் 1-3 தோல்வி. முதல் வெற்றிக்கு 1925 ஜூன் வரை காத்திருந்தார்கள், இத்தாலியை 1-0. அப்படிப்பட்ட அணி பிரான்ஸை நான்கு கோலில் புரட்டிப்போட்டால் ஊர் சும்மா இருக்குமா?

அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். உலகக் கோப்பை பிறக்க இன்னும் இரண்டு ஆண்டு இருந்த நேரம், ஆகவே கால்பந்தில் ஒலிம்பிக்தான் உலகப் போட்டி. போர்த்துகலுக்கு அது முதல் பெரிய பயணம். பயிற்சியாளர் கான்டிடோ டி ஒலிவெய்ரா. இவரைப் பற்றித் தனியாக ஒரு பதில் எழுதலாம். 1921-ல் அந்த முதல் ஆட்டத்தின் கேப்டன். பின்னாளில் ‘ஆ போலா’ விளையாட்டுப் பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர். நடுவில் சலாசார் சர்வாதிகாரத்தை எதிர்த்ததற்காகக் கேப் வெர்டே தீவிலிருந்த தர்ராஃபால் முகாமில் அடைக்கப்பட்டவர். இன்றைக்குப் போர்த்துகல் சூப்பர் கோப்பை அவர் பெயரில்தான் நடக்கிறது.

1928 மே 27, முதல் ஆட்டம் சிலியோடு. அரை மணி நேரத்துக்குள் சிலி 2-0. அத்தனை தூரம் ரயிலேறிப் போய் முதல் நாளே திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்திருப்பார்கள். பென்ஃபிகாவின் விட்டோர் சில்வா 38-வது நிமிடத்தில் ஒன்றைத் திருப்பினார். இரண்டே நிமிடம் கழித்துப் பெப்பே இன்னொன்று. இடைவேளையில் 2-2. இடைவேளை முடிந்து ஐந்தாவது நிமிடம் பெப்பே மறுபடியும், 3-2. பிறகு போர்ட்டோவின் வால்டெமர் மோட்டா நான்காவதை அடித்தார். 4-2. அணிவகுப்பைப் பாருங்கள்: பென்ஃபிகாக்காரர், பெலெனென்செஸ்காரர், போர்ட்டோக்காரர். உள்ளூரில் ஒருவரை ஒருவர் கரித்துக்கொட்டும் கிளப்புகள். ஒரே ஆட்டத்தில் மூன்று பேரும் சேர்ந்து மீட்டிருக்கிறார்கள்.

இரண்டே நாளில் அடுத்த ஆட்டம், யூகோஸ்லாவியா. 1-1 என்று கூடுதல் நேரத்துக்குப் போகப்போகிறது என்ற நிலையில், 90-வது நிமிடத்தில் அவுகுஸ்தோ சில்வா அடித்து 2-1 ஆக்கினார். அவர் பெலெனென்செஸின் நடுக்கள வீரர், பெப்பேயின் கிளப் தோழர். ‘கால் மணி’ ஆம்ஸ்டர்டாமுக்கும் கூடவே வந்திருந்தது போலும். பெயரை நினைவில் வையுங்கள், அவுகுஸ்தோ சில்வா மறுபடி வருவார்.

காலிறுதியில் எகிப்து. சிலியையும் யூகோஸ்லாவியாவையும் தாண்டிய பிறகு எகிப்து எளிது என்று நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. 2-1 என்று எகிப்து ஜெயித்தது. அடுத்த சுற்றில் அதே எகிப்தை அர்ஜென்டினா 6-0 என்று உரித்தது என்பதைப் பார்க்கும்போது, போர்த்துகல்காரர்களுக்கு எவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அதற்கப்புறம் ஒரு பெரிய சர்வதேசப் போட்டியின் இறுதிச் சுற்றில் போர்த்துகல் கால் வைத்தது 1966 உலகக் கோப்பையில்தான். 38 ஆண்டு இடைவெளி. அந்த 38 ஆண்டும் அப்பாக்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல இருந்தது ஆம்ஸ்டர்டாம் கதை ஒன்றுதான்.

பெப்பே எத்தனை பெரிய பெயரெடுத்தாலும் கால்பந்தால் சாப்பிடவில்லை. போர்த்துகலில் ஆட்டக்காரருக்குச் சம்பளம் என்பது அப்போது வெளிப்படையாக இல்லாத ஒன்று. அவர் பெலேமில் டேகஸ் கரையோரம் பொம் சுசெஸ்ஸோவில் இருந்த கடற்படை விமானத் தளத்தில் தொழிலாளி. 1922-ல் போர்த்துகல் விமானிகள் காகோ கூட்டினோவும் சகதூரா கப்ராலும் தென் அட்லாண்டிக்கை விமானத்தில் கடக்கக் கிளம்பிய தளம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கானோர் பெயர் சொல்லிக் கூவும் மனிதர், திங்கட்கிழமை காலையில் அங்கே வேலைக்குப் போய் நிற்பார். மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து அம்மா கட்டிக் கொடுப்பது.

அந்தச் சாப்பாட்டில்தான் எமன் இருந்தான். 1931 அக்டோபரில் ஒருநாள் அவர் கொண்டுபோனது ஷோரிசு வைத்த ரொட்டி. ஷோரிசு என்பது பூண்டும் மிளகாய்ப்பொடியும் சேர்த்துப் பதப்படுத்திய பன்றித் தொத்திறைச்சி. கோவா பக்கம் போனவர்கள் அதன் தம்பியைச் சாப்பிட்டிருப்பீர்கள். பரவலாகச் சொல்லப்படுவது இதுதான்: சமையலுக்கான பொருள் என்று நினைத்து, வீட்டில் சுத்தம் செய்ய வைத்திருந்த காஸ்டிக் வகைப் பொருளை அம்மா தெரியாமல் சேர்த்துவிட்டார். மருத்துவமனையில் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. 24-ஆம் தேதி இறந்துபோனார்.

இந்த இடத்தில் எனக்குப் பெப்பேயைவிட அந்தத் தாயின் நினைப்புத்தான் அதிகம் வரும். ஊரே மகனுக்காக அழுதது. அந்த அம்மாவுக்கு யார் முகத்தில் விழிக்க முடிந்திருக்கும்? வெள்ளையாகத் தூளாக இருக்கும் இரண்டு பொருள், லேபிள் இல்லாத டப்பாக்கள், எண்ணெய் விளக்கு வெளிச்சமோ விடிகாலை அவசரமோ. ஏழை வீட்டு அடுக்களை எந்த நாட்டிலும் ஒன்றுதான். சாவுக்குப் பிறகு வழக்கம்போலப் புரளிகளும் கிளம்பத்தான் செய்யும். நான் அவற்றைக் கிளறப் போவதில்லை.

இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். அடுத்த ஆண்டு, 1932-ல், சலேசியஸ் மைதானத்தில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். மைதானத்துக்கே ஜோசே மனுவல் சோரெஸ் என்று பெயரும் வைத்தார்கள். நீங்கள் படத்தில் பார்த்தது அந்த நினைவுச்சின்னம். பெலெனென்செஸ் 1956-ல் மேட்டில் கட்டிய ரெஸ்தெலோ ஸ்டேடியத்துக்குக் குடிபோனபோது அதுவும் கூடவே போனது. ரெஸ்தெலோவின் மேல் வரிசையில் உட்கார்ந்தால் டேகஸ் ஆறு தெரியும். ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய ஸ்டேடியங்கள் எத்தனையோ உண்டு, இப்படி ஒரு காட்சி கிடைப்பது குறைவு.

போர்ட்டோவுக்கு வருவோம். போர்ட்டோ அணி பெலெனென்செஸ் மைதானத்துக்கு ஆட வரும்போதெல்லாம், ஆட்டத்துக்கு முன் பெப்பேயின் நினைவுச்சின்னத்தில் பூ வைப்பது வழக்கம். எத்தனையோ தலைவர்களும் பயிற்சியாளர்களும் மாறியும் அந்த மரபு தொடர்ந்தது. வடக்கே இருக்கும் போர்ட்டோவுக்கும் தலைநகரின் கிளப்புகளுக்கும் எவ்வளவு ஆகாது என்பது ஐரோப்பியக் கால்பந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட போர்ட்டோ லிஸ்பனில் தலை குனிந்து நிற்கும் இடம் இது. பெப்பே இல்லாத முதல் பருவத்தில், 1932 போர்த்துகல் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் மோதியதும் இந்த இரண்டு அணிகள்தான். முதல் நாள் 4-4, மறு ஆட்டத்தில் போர்ட்டோ 2-1. அவர் இருந்திருந்தால் என்று பெலேமில் அன்றைக்கு எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்!

மறு ஆண்டே, 1933-ல், ஸ்போர்ட்டிங்கை 3-1 என்று தோற்கடித்துப் பெலெனென்செஸ் அந்தப் பட்டத்தை மூன்றாவது தடவை எடுத்தது. பிறகு தேசிய லீக் காலம் வந்தது. 1945-46-ல் கடைசி நாள் எல்வாஸ் ஊரில் 2-1 என்று ஜெயித்து லீக் சாம்பியனும் ஆனது. பென்ஃபிகா, ஸ்போர்ட்டிங், போர்ட்டோ என்ற மூவரைத் தவிர வேறொரு கிளப் லீக் வென்றது அதுவே முதல் தடவை. அடுத்தது 2000-01-ல் போவிஸ்டா. இன்றுவரை அவ்வளவுதான். 1946-ல் பெலெனென்செஸின் பயிற்சியாளர் யார் என்றால், அதே அவுகுஸ்தோ சில்வா. ஆம்ஸ்டர்டாமின் 90-வது நிமிடக்காரர். கிளப்பைத் தொடங்கிய அர்துர் ஜோசே பெரெய்ரா இதைப் பார்க்கவில்லை, 1943-லேயே போய்விட்டார்.

சிலர் பெப்பேயின் புகழுக்குக் காரணம் அவர் இளம் வயதில் செத்ததுதான் என்பார்கள். பாதி உண்மை. ஆனால் நான் மறுபக்கமும் சொல்வேன். 18 வயதில் பென்ஃபிகாவுக்கு எதிராகப் பெனால்டி அடித்தபோதே, 20 வயதில் சிலிக்கு எதிராக இரண்டு போட்டபோதே அவர் நாயகன் ஆகிவிட்டார். சாவு அவரைப் பெரியவர் ஆக்கவில்லை, மேலே என்ன ஆகியிருப்பார் என்பதைத்தான் மூடிவிட்டது. லீக் தொடங்கியபோது அவருக்கு 26 வயது ஆகியிருக்கும், சலேசியஸில் புல் முளைத்தபோது 29. ஓர் ஆட்டக்காரனின் நல்ல வயது அதுதானே.

கடைசியாக ஒரு விஷயம், ஏனென்றால் ‘சமீபத்தில் ஏன் இப்படிப் படங்கள் வருவதில்லை’ என்று அடுத்த கேள்வி வரும். 2018-ல் பெலெனென்செஸ் கிளப்புக்கும், அதன் கால்பந்து அணியை நடத்திவந்த கம்பெனிக்கும் உறவு முறிந்துவிட்டது. கம்பெனி முதல் டிவிஷன் இடத்தை எடுத்துக்கொண்டு லிஸ்பனுக்கு வெளியே ஜாமோரில் உள்ள தேசிய ஸ்டேடியத்துக்குப் போனது. கிளப் ரெஸ்தெலோவிலேயே தங்கி, புதிய அணி ஒன்றைச் சேர்த்து, மாவட்ட லீக்கின் அடிமட்டத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தது. வழக்கு நடந்து, சிவப்புச் சிலுவைச் சின்னம் கிளப்பிடமே நின்றது. ரசிகர்களில் பெரும்பாலோர் கிளப்போடுதான் போனார்கள், அடிமட்ட லீக் ஆட்டத்துக்குக்கூட. ஆண்டுக்கு ஒரு படியாக ஏறி 2023-ல் இரண்டாம் டிவிஷனைத் தொட்டார்கள், அடுத்த ஆண்டே ஒரு படி சறுக்கினார்கள். கம்பெனி அணியோ 2021 நவம்பரில் கோவிட் காரணமாக வெறும் ஒன்பது பேரோடு பென்ஃபிகாவுக்கு எதிராக இறங்கி, இடைவேளைக்குள் 0-7 ஆகி, ஆட்டம் பாதியில் நின்ற கூத்தோடு உலகச் செய்தியானது.

அந்த ஆண்டுகளில் போர்ட்டோ லீக் ஆட்டத்துக்கு லிஸ்பன் வந்தபோது எதிரே நின்றது கம்பெனி அணி, இடம் ஜாமோர். பெப்பேயின் கல் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ரெஸ்தெலோவில் இருந்தது.